பதினொரு ஆண்டு விருந்தாளி

ஆசிரியருக்கு,

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் மருமகள் பெங்களூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 11 ஆண்டுகளாக 'அதிதி' ஆசிரியை, அதாவது தற்காலிக ஆசிரியை. கன்னடத்திலும் அதிதி என்றால் விருந்தாளிதான். வருகைப் பதிவேட்டில்கூட நிரந்தர ஆசிரியர்கள் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை. கடைசியில் தனிப் பக்கம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஜூன் வந்தால் மறுபடி விண்ணப்பம்.

பணி நிரந்தரம் கேட்டு வழக்குப் போடலாமா என்றால், வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது உமாதேவி வழக்கை. இதே கர்நாடகத்திலிருந்து போனதுதான். தற்காலிக ஊழியர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் அன்று 10 ஆண்டு முடித்திருந்த தகுதியுள்ளவர்களை ஒருமுறை மட்டும் நிரந்தரமாக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். அந்தப் பத்தி மட்டும் அதிகாரிகள் கண்ணில் படுவதே இல்லை. தீர்ப்பை இப்படித் தவறாகப் பயன்படுத்துவதை 2024 டிசம்பரில், துப்புரவுப் பணியாளர்கள் வென்ற ஜக்கோ வழக்கில், உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

காலியிடம் இருப்பதால்தானே அதிதிகளை எடுக்கிறார்கள்? அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது பணிக்காலத்துக்கு மதிப்பெண்ணும் வயதுத் தளர்வும் கொடுக்கட்டும். மருமகளுக்கு வரும் மாதம் 42 முடிகிறது.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு