உடம்பு வைக்கட்டும், வண்டி வேண்டாம்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே காலபோக விதைப்பு தொடங்கிவிட்டது, உங்கள் முள்ளியவளைப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். வயல் கதை பிறகு, முதலில் தசை வளர்க்க என்று பாரம் தூக்கி, கூடச் சாப்பிட்டு நீ எழுதி அனுப்பிய நிறை, சாப்பாட்டுக் கணக்கு.

எட்டுக் கிழமையில் 65 கிலோ 69 ஆகியிருக்கிறது, இடுப்பு 6 சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது. அது முழுக்கத் தசை இல்லையடா. 65 கிலோ ஆள் கிழமைக்கு 160 முதல் 325 கிராம் ஏறினால் போதும். நீ 500 ஏற்றியிருக்கிறாய். தசை வளர்கிற வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும் வண்டிதான் (தொப்பைதான்) வைக்கும்.

நிறை கூடாமல் குறையாமல் நிற்கிற சாப்பாட்டுக்கு மேலே நாளுக்கு 200 முதல் 300 கலோரி காணும். 200 கிராம் வெந்த சோறே கிட்டத்தட்ட 260 கலோரி. ஆனால் உன் பட்டியலில் பிழை சோற்றில் இல்லை. கட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் 200க்கு மேல், பொரிக்கிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120, இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி ஐந்து தரம் என்றால் இன்னொரு 160. இவற்றில் புரதம் இல்லாத மாதிரித்தான். சொதியை விடாதே, இரண்டாம் பாலில் வை.

கச்சானையும் (நிலக்கடலையையும்) புரதம் என்று எழுதியிருக்கிறாய். 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்மைதான், கூடவே 570 கலோரி அளவு வருகிறதே! ஒரு கைப்பிடியோடு நிறுத்து.

உனக்கு நாளுக்கு 110 முதல் 140 கிராம் புரதம் வேண்டும், நாலு நேரமாகப் பிரி. குளத்துத் திலாப்பியா நல்ல சாமான்: பச்சைச் சதை 100 கிராமில் 20 கிராம், கொழுப்பு மிகக் குறைவு. முழு மீனை நிறுத்துக் கணக்குப் போட்டுவிடாதே. தலை, முள், குடல் போக மூன்றில் ஒரு பங்குதான் சதை. முட்டை ஒன்றில் 6 கிராம். காய்ந்த சோயாமீற் 50 கிராமில் கிட்டத்தட்ட 25. மீன் கிடைக்காத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

பயிற்சியில் ஒவ்வொரு தசையையும் கிழமைக்கு இரண்டு தரம், மொத்தம் 10 முதல் 15 செட் (இளைப்பாறாமல் தொடர்ந்து தூக்குகிற ஒரு சுற்றுத்தான் ஒரு செட்). ஒரு பாரத்தை 8 தடவை தூக்கத் தொடங்கி, எல்லாச் செட்டிலும் 12 வந்ததும் 2.5 கிலோ கூட்டு. கொப்பியில் எழுது. நிறை ஏறியும் பாரம் ஏறவில்லை என்றால் சேர்வது பெரும்பாலும் கொழுப்பு. ஏழு மணித்தியால நித்திரையும் வேண்டும்.

காலையில் மலசலகூடம் போய்வந்து, சாப்பிட முன் நிறு. ஒரு நாள் நிறையை நம்பாதே, முதல்நாள் கருவாடு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோகூடக் காட்டும். ஏழு நாள் சராசரியைப் பார். இரண்டு கிழமைக்கு ஒருக்கா தொப்புள் மட்டத்தில் இடுப்பை அள. சராசரி அசையாவிட்டால் 100 கலோரி கூட்டு, இடுப்பு வேகமாகக் கூடினால் 150 குறை.

வயலில் வரம்பு கட்டுகிற நாட்களில் உடம்பு செலவழிக்கிற கலோரி வேறு. அன்றைக்குச் சோறும் தயிரும் கூடச் சாப்பிடு, கால் பயிற்சியை ஒத்திவை.

இப்போதைக்கு நாலு கிழமை, நிறை கூடாமல் குறையாமல் நிற்கிற அளவிலிருந்து 300 கலோரி குறைத்துச் சாப்பிடு. புரதத்தையும் பாரத்தையும் தொடாதே. இடுப்பு இறங்கியதும் மேலே சொன்ன அளவில் திரும்பத் தொடங்கலாம். அடுத்த கடிதத்தில் ஏழு நாள் நிறையும் இடுப்பளவும் ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புகிற பயிற்சி) பாரமும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்