முதல் ஐந்து நிமிஷம்

அன்புள்ள அம்மாடி,

போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. "டாக்டர் தினமும் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார் அப்பா. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. நான் பிறவிச் சோம்பேறி" என்றாய். "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பேச்சில் வராதது எழுத்தில் வரும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பிறந்த நாளிலிருந்து உன்னைப் பார்த்தவன் நான். மூன்று வயதில் உன்னை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. மாடிப்படியின் கடைசி இரண்டு படிகளில் நீ இறங்கியதே கிடையாது, குதிப்பாய்தான். குட்டைச் சுவரைக் கண்டால் அதன்மேல் ஏறி நடந்தாக வேண்டும். என் விரலைப் பிடித்துக்கொண்டு வரும்போதும் ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே வருவாய். "ஓடாதே, விழுந்துவிடுவாய்", "ஒரு நிமிஷம் சும்மா உட்காரு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

அப்புறம் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாய். நீ எல்லைக்கோட்டைத் தொட்டபோது கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். வீடு வரும்வரை நீ வாயே திறக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த வருஷம் நன்றாகப் பழகிக்கொண்டு ஓடு." நடுவில் நிற்காமல் கடைசிவரை ஓடி முடித்தாயே, அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் பந்தயத்தன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாய். அதற்கடுத்த வருஷமும் அதே வயிற்று வலி. விளையாட்டு நேரம் என்றாலே உன் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்கவில்லை. மன்னித்துவிடு அம்மா. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பழசைக் கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு எது பிடிக்கவில்லை என்று நீ தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் பார்க்க மூச்சு வாங்குவதா? யாரோ எண்ணிக்கை சொல்லி அதட்டுவதா? வியர்வையா, அலுப்பா, தோற்றுப்போகிற உணர்வா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பார்வைதான் தொல்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு செய். அலுப்புதான் என்றால் உனக்குப் பிடித்த தொடர்கதையையோ பேச்சையோ நடக்கும்போது மட்டும்தான் கேட்பேன் என்று வைத்துக்கொள். அடுத்த பகுதி என்ன ஆச்சு என்ற ஆவலே உன்னை எழுப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பிடிக்காது' என்று எழுதி ஒட்டிவிட்டால் அந்த மூட்டையைத் தூக்கவே முடியாது.

ஜிம்மில் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றுவிட்டதை ஒரு குற்றம்போலச் சொன்னாய். டிரெட்மில்லின் கதை தெரியுமா? 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு பெரிய மிதிசக்கரத்தை வடிவமைத்தார். கைதிகள் அதன் படிகளில் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கும் போய்ச் சேர மாட்டார்கள். அதற்குப் பெயர் டிரெட்மில். தண்டனை ஒழிந்துபோனது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய கருவி பலருக்கு நன்றாகவே உதவுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்மேல் நின்றபோது உனக்கு அலுத்துப்போனது என்றால் உன்னிடம் கோளாறு ஒன்றும் இல்லை. வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் பிடித்துத் தொடங்கவில்லை. உன் பாட்டியின் கடைசி இரண்டு வருஷம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீ அப்போது வெளியூரில் இருந்தாய். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க பாட்டி முதலில் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடிப்பார். முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடுவார். மூன்றாவது ஆட்டத்தில் உடம்பைத் தூக்கிப் பார்ப்பார், பாதி எழுந்து மறுபடி பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். அப்புறம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருந்த கூச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வயதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே போகும், உபயோகிக்காவிட்டால் இன்னும் வேகமாகப் போகும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். எந்த வயதிலும் தசையை மறுபடி வலுவாக்க முடியும் என்றும் சொன்னார். பாட்டிக்கு அதை யாரும் நேரத்தில் சொல்லவில்லை.

அன்று இரவு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தேன், உட்கார்ந்தேன். ஏழாவது தடவையில் தொடை நடுங்கியது. அவ்வளவுதான் என் தொடக்கம். காலையில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அந்த ஏழு. பல நாள் கழித்து எட்டு. இன்று மூன்று தவணையாக முப்பது செய்கிறேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் கை தட்டவும் இல்லை.

நடைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று இன்றைக்கு வேண்டாமே என்று தோன்றும். கெண்டைக்கால் இறுகியிருக்கும், மூச்சு ஒத்துழைக்காது, மனசு வீட்டுக்குள் இருக்கும். அதற்கும் காரணம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. நடக்கத் தொடங்கியதும் உடம்பு ரத்தத்தைத் திருப்பிவிட வேண்டும், மூச்சும் நாடித்துடிப்பும் தேவைக்கு ஏற்ப உயர வேண்டும். ஈடுகொடுக்கச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் கடன் வாங்கித்தான் உடம்பு ஓடுகிறது. நாம் அந்த நிமிஷங்களை வைத்தே முழு நடையையும் எடை போட்டுவிடுகிறோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள். பயிற்சி எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால், பிறகு உண்மையில் உணர்வதைவிடக் குறைவாகத்தான் ஜனங்கள் சொல்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் நிற்பது அந்தச் சிரமமான தொடக்கம்தான் என்பதால்.

அதனால் எனக்கு நானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிஷம் நடப்பேன். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடுவேன், அதற்காக வருத்தப்பட மாட்டேன். நிஜமாகவே திரும்பிய நாட்கள் உண்டு. போக ஐந்து, வர ஐந்து, அதுவே பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆனால் பெரும்பாலான நாட்களில் ஆறாவது, ஏழாவது நிமிஷத்தில் ஒரு மாற்றம் வரும். கெண்டைக்கால் இளகும். கை தானாக வீசத் தொடங்கும். எதையோ யோசித்துக்கொண்டு நடக்கிறேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் தெரியும். மனசு வந்தால் செய்யலாம் என்று நீ காத்திருக்கிறாய். மனசு எனக்கு ஒரு நாளும் வாசலில் வந்து நின்றதில்லை அம்மாடி, வழியில்தான் வந்து சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, இதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். மெதுவாகச் செய். உடற்பயிற்சியை வெறுப்பவர்கள்தான் முதல் நாளே உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள், இத்தனை நாள் செய்யாததற்கு அபராதம் கட்டுவதுபோல. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் தொடை பிடித்துக்கொள்கிறது. வலி அடங்குவதற்குள் மனசு விட்டுப்போகிறது. நீ ஜிம்மில் செய்ததும் அதுதான். மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும் எல்லையைத் தாண்டினால் பயிற்சி கிட்டத்தட்ட எல்லோருக்குமே கசக்கத்தான் செய்யும், அதற்குக் கீழே இருந்தால் அப்படி இல்லை. அளவு தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

எவ்வளவு என்று கேட்பாய். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில், கூடவே இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி என்று இருக்கிறது. ஒரே நேரத்தில் பத்து நிமிஷமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிஷம் படி ஏறினாலும் கணக்கில் சேரும். 10,000 அடி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயதான பெண்களில் நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. எட்டாத எண்ணைப் பார்த்து மலைத்து நிற்காதே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனில் செய்து 1953இல் வெளியிட்டது. இரட்டை மாடி பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துக்கொண்டு படி ஏறவில்லை. வேலையைத்தான் பார்த்தார்கள்.

எடை பார்க்கும் கருவியைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. நடப்பதால் மட்டும் எடை சட்டென்று இறங்காது, அந்த முள்ளைப் பார்த்து மனசு உடைந்து நிறுத்தியவர்கள் ஏராளம். அதற்குப் பதிலாக, நடந்த நாளில் ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று பார். மதியம் எரிச்சல் வந்ததா, மாடி ஏறும்போது எத்தனையாவது படியில் மூச்சு வாங்கியது என்று பார். இவையெல்லாம் முள்ளைவிடச் சீக்கிரம் மாறும்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்கும் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. எனவே தவறினால் தவறட்டும், மறுநாள் செருப்பை மாட்டு. தினமும் எப்படியும் செய்கிற ஏதாவது ஒன்றின் வாலில் இதைக் கட்டிவிடு. பல் தேய்த்ததும், இல்லை வேலையிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும். உட்கார்ந்த பிறகு எழுந்திருப்பதுதான் கஷ்டம், அதனால் உட்காருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போ, இதில் மட்டும் தைரியம் காட்டாதே.

நொண்டியடித்துக்கொண்டு வந்த அந்தக் குழந்தைக்கு யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை, யாரும் அவளோடு போட்டி போடவுமில்லை. உனக்கு எது அதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதையே செய். அறைக்குள் பாட்டுப் போட்டு ஆடு, நீந்து, சைக்கிள் எடு, பக்கத்து வீட்டு நாயை அழைத்துக்கொண்டு போ. எனக்கு நடை சரிப்பட்டது என்பதற்காக உனக்கும் நடையே சரிப்பட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். நாம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோமே, அந்தப் பேச்சை நடந்துகொண்டே வைத்துக்கொள்ளலாமா? நான் இங்கே கிளம்புகிறேன், நீ அங்கே கிளம்பு. முதல் ஐந்து நிமிஷம் நீ பேசவே வேண்டாம், அம்மாவின் செடி வளர்ந்த கதை, வீட்டுக் குழாய் ரிப்பேர் ஆன கதை எல்லாம் நான் சொல்கிறேன். அப்புறம் நீ ஆரம்பி. பேசப் பேச உனக்கு மூச்சு வாங்கினால் எனக்குக் காதில் கேட்கும், நான் இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். நீயும் குறைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா