கட்டணம் தெரிகிறது, மணிநேரம் தெரிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பகுதிநேரப் படிப்புக்கான விளம்பரங்களில் கட்டணம் இருக்கிறது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணிநேரம் படிக்க வேண்டியிருக்கும் என்ற ஒரு வரியைத்தான் காணோம். வேலைக்குப் போகிறவருக்குக் கட்டணத்தைவிட முக்கியமான வரி அதுதான்.

வாரத்துக்கு 168 மணிநேரம். தூக்கம் 56, வேலை 48, போய்வர 10, குளியல், சமையல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு 21 என்று வைத்தால் மிச்சம் 33. பிள்ளைகள், பெற்றோர், உடம்புக்கு முடியாத நாள், வெறும் அலுப்பு எல்லாம் போக, மாதக்கணக்கில் விடாமல் கையில் நிற்பது 12 மணிநேரம், மிஞ்சினால் 15.

இனி படிப்பின் பக்கம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். பாதியை, அதாவது 30 கிரெடிட்டை எடுத்தால்கூட, 40 வாரங்களுக்கு வாரம் 19 முதல் 23 மணிநேரம் தேவை. 20 எடுத்தால்தான் 12½ முதல் 15 மணிநேரத்துக்குள் அடங்கும். ஓராண்டுப் பாடத்துக்கு மூன்றாண்டு எடுப்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அந்த 12 மணிநேரத்தை எங்கே வைப்பது? வேலை முடிந்த பிறகு என்று வைத்தால், ஓவர்டைம் வரும் முதல் வாரத்திலேயே அது கரைந்துவிடும். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணிநேரம் வீதம் ஐந்து நாள், விடுமுறை நாளில் இடைவெளி விட்டு ஐந்து மணிநேரம், இன்னொரு நாளில் எந்தப் பாடமும் குறிக்காமல் காலியாக விட்ட இரண்டு மணிநேரம். இந்தக் காலி இடம் தவறிப்போன நாளை ஈடுகட்ட. இதை விட்டுவிட்டுப் போட்ட அட்டவணை ஒரு காய்ச்சலுக்குக்கூடத் தாங்காது. ஷிப்ட் மாறுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்காமல், 'எழுந்ததும் ஒரு மணிநேரம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் குறைவாக இருப்பவர் செய்யும் பெரிய தவறு, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே 40 நிமிடம் வாசித்தால் 20 நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். மறுநாள், பிறகு நான்காம் நாள், பத்தாம் நாள் என்று அதையே எழுதிப் பாருங்கள். பஸ்ஸில் புதுப் பாடம் ஏறாது. முந்தைய நாள் படித்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க அந்த நேரம் போதும்.

தூக்கத்தில் கைவைக்கக் கூடாது. படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாலையில் குடிக்கும் காபியின் காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணிநேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

சேரும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டியவை: தேர்வு நாளுக்கு விடுப்பு உண்டா, ஷிப்ட் மாற்றித் தருவார்களா, நிறுவனம் கட்டணம் கட்டினால் எத்தனை ஆண்டு விலகக் கூடாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதமும் தேர்வு மாதமும் ஒன்றாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். முதல் வாரத்தில் கேட்பவருக்குக் கிடைப்பது கடைசி வாரத்தில் கேட்பவருக்குக் கிடைக்காது.

ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974இலேயே 140ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தேர்வு நாள்களுக்காவது ஊதியத்துடன் விடுப்புத் தர முதலாளிகள் முன்வர வேண்டும். கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே வாராந்தர மணிநேரத்தை, கட்டணம் அச்சாகும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்