ஊராட்சி இணைப்பும் சொத்து ஒப்படைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களை ஒட்டிய கிராம ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் வரி உயர்வும், நூறு நாள் வேலை பறிபோவதும், வார்டு எல்லைகளும் பேசப்படுகின்றன. அந்த ஊராட்சிகளின் பெயரில் இருக்கும் பொதுச் சொத்துகள் எப்படிக் கைமாறுகின்றன என்பது பேசப்படுவதே இல்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இணைப்பே கூடாது என்பது என் வாதமன்று. நகரத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்ட ஊருக்குப் பாதாளச் சாக்கடையும் முறையான குப்பை மேலாண்மையும் ஊராட்சியின் வருமானத்தில் கிடைக்கப் போவதில்லை.

2025 ஜனவரி தொடக்கத்தில் வெளியான தமிழ்நாடு அரசின் அறிவிப்பில் 16 மாநகராட்சிகளோடு மட்டும் 149 ஊராட்சிகளை இணைக்க உத்தேசிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ அதே நாள்களில், 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஊரின் சொத்து எது, எங்கே இருக்கிறது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதை நன்கு அறிந்த தலைவரும் வார்டு உறுப்பினர்களும் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு, கொடுப்பவரும் அரசு அலுவலர், வாங்குபவரும் அரசு அலுவலர் என்ற நிலையில் ஒப்படைப்பு நடந்தால், பட்டியலில் விடுபட்டதைச் சுட்டிக்காட்ட அந்த அறையில் ஆளில்லை.

நான் பணியிலிருந்தபோது ஓர் ஊராட்சி அருகிலிருந்த நகராட்சியோடு சேர்ந்தது. ஒப்படைப்புப் பட்டியல் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. அலுவலகக் கட்டடம், இரண்டு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஆழ்துளைக் கிணறுகள், தெருவிளக்குகள், குப்பை வண்டிகள், மேசை நாற்காலிகள் என்று கண்ணில் பட்டவை எல்லாம் எழுதப்பட்டன. மின்விசிறிகளைக்கூட எண்ணி எழுதியிருந்தார்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பதற்கு வரைபடம் ஏதும் இல்லை. அது டேங்க் ஆபரேட்டரின் மனத்தில் மட்டும் இருந்தது. அவர் உடல்நலமின்றி விடுப்பில் போன வாரத்தில், நகராட்சியின் புதிய பணியாளர்கள் சாலையோரம் பள்ளம் தோண்டிக் குழாயைத் தேடிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

குழாயையாவது தோண்டிக் கண்டுபிடித்துவிடலாம். மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் விடப்பட்ட நிலம் கைவிட்டுப் போனால் மீட்பது அரிது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவாகிவிடும், ஆனால் பட்டா பல இடங்களில் மனை விற்றவர் பெயரிலேயே தொடரும். ஊராட்சி இருக்கும்வரை அந்தப் பத்திரத்தின் நகல் பழைய கட்டடத்தின் இரும்பு பீரோவில் கிடக்கும். இணைப்புக்குப் பின் அந்தக் கட்டடம் வரி வசூல் மையமாகவோ துப்புரவுப் பொருள்களைப் போட்டுவைக்கும் இடமாகவோ மாறுகிறது. பீரோவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பூங்கா இடத்தில் யாரோ வேலி போடும்போது, நகராட்சியிடம் காட்டுவதற்குப் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை.

ஒன்றியத்தின் சொத்துகள் இன்னொரு சிக்கல். ஊருக்குள் இருப்பவை எல்லாம் ஊராட்சியுடையவை அல்ல. சிறுபாசனக் குளமும் தொடக்கப் பள்ளிக் கட்டடமும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. ஊர் நகராட்சிக்குப் போன பிறகு ஒன்றியம், 'அது எங்கள் எல்லையில் இல்லை' என்று நிதி ஒதுக்காது. நகராட்சியோ, 'அது எங்கள் சொத்துப் பதிவேட்டில் இல்லை' என்று கைவிரிக்கும். பள்ளியின் ஒழுகும் கூரைக்கு இருவருமே பொறுப்பாக மாட்டார்கள். 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் இருந்த அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் பொறுப்புக்கு வர அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. தலைநகரிலேயே இப்படி என்றால் மற்ற ஊர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊராட்சியின் முதல் கணக்கில் இருக்கும் பொதுநிதி அந்த ஊர் மக்கள் கட்டிய வீட்டுவரியும், குடிநீர்க் கட்டணமும், குளத்து மீன்பாசி ஏலத்தில் வந்த தொகையுமாகும். இணைப்பு நாளில் அந்த மீதம் நகர்ப்புற அமைப்பின் பொதுநிதியில் கலந்துவிடுவதால், அது நகரின் மறுகோடியில் ஒரு வடிகாலுக்குச் செலவாகலாம். அதில் சட்டத்தவறு ஏதும் இல்லை. மறுபுறம், மின்கட்டணம் போன்றவற்றைக் கட்டுவதற்கென இருக்கும் இரண்டாம் கணக்கில் கட்டாமல் விட்ட மின்கட்டணப் பாக்கியும், ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய தொகையும் சேர்ந்தே போகின்றன. வரவையும் பாக்கியையும் அருகருகே எழுதி, தணிக்கை முடித்து ஒப்படைத்தால் பின்னாளில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது. அந்த மீதத் தொகையைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்கு அந்த ஊரின் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று இணைப்பு ஆணையிலேயே ஒரு வரி சேர்ப்பதும் நியாயம் என்று கருதுகிறேன்.

அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதன்று. இணைப்புத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே, ஊராட்சி, ஒன்றியம், இணைத்துக்கொள்ளும் நகர்ப்புற அமைப்பு ஆகிய மூன்று தரப்பும் வருவாய்த் துறையினரை உடன் வைத்துக்கொண்டு நேரில் நடந்து பார்த்துச் சொத்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் புல எண், பரப்பு, பத்திர எண், பட்டா யார் பெயரில் என்பவை அதில் இருக்க வேண்டும். பட்டா மாறாத பூங்கா, சாலை நிலங்களுக்கு அந்த மூன்று மாதத்துக்குள் பட்டா மாற்றம் முடிய வேண்டும். பட்டியல் முழுவதையும் கிராம சபையில் வாசித்து, விடுபட்டதை ஊரார் சொல்லக் கேட்டுச் சேர்த்த பிறகே கையெழுத்தாக வேண்டும். குளத்தங்கரைக் களம் யாருடையது, பழைய நெல் உலர்த்தும் தளம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டையும்விட அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதை இணைப்புக்குப் பின் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்வதை நான் ஏற்பதற்கில்லை. நகர்ப்புறத்தில் வார்டின் ஒரு பகுதிக்கென்று கூடும் பகுதி சபை உண்டு என்றாலும், ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து தன் சொத்துக் கணக்கைக் கேட்கும் கிராம சபை, இணைப்பு நடைமுறைக்கு வந்த நாள் முதல் அந்த ஊருக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றியப் பணியாளர் ஒருவர்