கறுப்புப் பூச்சை எடுக்கும் முன் அது என்ன பூச்சு என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், மடக்குக் கத்தியின் கறுப்புப் பூச்சை எடுப்பதற்கு ஒரு வழி போட்டிருந்தீர்கள். கத்தியை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போட்டு, காலையில் எடுத்துத் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும் என்று மூன்றே வரி. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் கத்தியை அப்படியே வினிகரில் போட்டார்களோ தெரியவில்லை. கத்திகளைப் பிரித்துச் சுத்தம் செய்வதிலும் சாணை பிடிப்பதிலும் பல வருடமாக ஈடுபாடு உள்ளவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே பூச்சு இல்லை. சில கத்திகளில் இருப்பது எஃகின் மேற்பரப்பையே ரசாயனத்தால் கறுப்பாக்கிய ஆக்சைடு படலம், அது சுமார் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். சிலவற்றில் சூட்டில் இறுக வைத்த எபாக்சி என்கிற பிசின் பெயிண்ட் அல்லது செராகோட் போன்ற பீங்கான் கலந்த பெயிண்ட் பூச்சு. விலை கூடின கத்திகளில் டிஎல்சி என்கிற, வைரத்தை ஒத்த கார்பன் படலம் இருக்கும். இதை வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் படிய வைக்கிறார்கள், சில மைக்ரான்தான் இருக்கும், ஆனால் கத்தி எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினம். வினிகர் வேலை செய்வது முதல் வகையில் மட்டும்தான். அதிலும் சில நிமிடங்களிலேயே கறுப்பு கலங்கி வர ஆரம்பித்துவிடும், ராத்திரி முழுக்கத் தேவையே இல்லை. மற்ற இரண்டிலும் பூச்சு அப்படியே நிற்கும், பூச்சு இல்லாத இடத்தைத்தான் அமிலம் தின்னும். பூச்சு இல்லாத இடம் எது? சாணை பிடித்த கூர்தான். ஆக, எதை நாம் காப்பாற்ற வேண்டுமோ அதுவே முதலில் போகும்.

என்ன பூச்சு என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கத்தியின் முதுகுப் பக்கம் கண்ணில் படாத ஓர் இடத்தில் பஞ்சால் ஒரு துளி வினிகரைத் தொட்டு வைத்து, ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அடியில் சாம்பல் நிற எஃகு தெரிந்தால் ஆக்சைடு. வரவில்லையென்றால் இடத்தைக் கழுவி உலர்த்தி அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், நிறம் பஞ்சில் ஒட்டினாலோ பூச்சு மெத்தென்று ஆனாலோ அது பெயிண்ட். இறுகிய எபாக்சி அசிட்டோனுக்கும் அசையாமல் இருப்பதுண்டு, அதற்கு பெயிண்ட் ரிமூவர் வேண்டும். ஆணி முனையால் கீறினாலும் கோடு விழாமல், ஆணியின் உலோகம்தான் அதன்மேல் கோடாகப் படிகிறது என்றால் அது டிஎல்சி மாதிரியான கடினப் படலம், அதை எந்த வீட்டுத் திரவமும் ஒன்றும் செய்யாது.

பெயிண்ட் ரிமூவர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மெத்திலீன் குளோரைடு கலந்ததை மூடிய அறையில் பயன்படுத்தி உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் 2019-ல் பெயிண்ட் நீக்குவதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். டப்பாவின் பின்பக்கம் பார்த்து அது இல்லாததாக வாங்கி, வெட்டவெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம், வினிகர் இருக்கிற பாத்திரத்தில் ப்ளீச் எதையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எந்த வழியானாலும் முழுக் கத்தியை எதிலும் முக்கக் கூடாது. உங்கள் குறிப்பில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். மடக்குக் கத்திக்குள் வாஷர், ஸ்பிரிங், திருகு என்று பல இருக்கின்றன, அந்த இடுக்குக்குள் போன அமிலம் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வெளியே வராது. ஸ்பிரிங் துருப்பிடித்தால் கத்தி பூட்டாமல் விரல் மேல் மடங்கக்கூடும். திருகாணியைக் கழற்றி அலகை மட்டும் தனியே எடுங்கள், பெரும்பாலும் நட்சத்திரத் தலைத் திருகாக இருக்கும், அதற்கு அளவு சரியான கருவி இல்லாமல் முறுக்கினால் தலை மழுங்கிவிடும். பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பது பிறகு ஞாபகம் வராது. பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சில கம்பெனிகள் எழுதியிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

கடினப் படலத்துக்கு உப்புத்தாள்தான் கதி. சிலிக்கான் கார்பைடு தாள் வாங்கி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி மூச்சில் போகாது. கூரின் மேல் டேப்பைச் சுற்றி, அலகை ஒரு பலகையில் படுக்க வைத்து இறுக்கி, தாளையும் ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் ஓரங்கள் உருண்டுபோகும். தாளின் பின்பக்கம் போட்டிருக்கும் எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்; 220-ல் ஆரம்பித்து 400, 600 என்று ஏறுங்கள், ஒவ்வொரு தாளையும் முந்தைய கோடுகளுக்குக் குறுக்காகப் பிடித்தால் பழைய கோடு மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரியும். கடைசித் தாளில் மட்டும் அலகின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுத்து, தூக்கி, மறுபடி தொடக்கத்தில் வையுங்கள். போய்வந்து தேய்த்தால் திரும்பும் இடத்தில் தூண்டில் முள் மாதிரி வளைந்த கீறல் விழும், அது வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது நன்றாகவே தெரியும். அவசரப்பட்டு கிரைண்டர் பிடிக்காதீர்கள். பல கத்தி எஃகுகளைக் கடைசியாக 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கித்தான் பதம் செய்கிறார்கள், மெல்லிய கூர் அதற்கு மேல் சூடாக ஒரு நொடி போதும், நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம்.

திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு வந்து உட்காரும் அலகின் அடிப்பகுதியையும், அச்சுத் துளையைச் சுற்றிய இடத்தையும் தேய்க்கவே கூடாது. அங்கே கொஞ்சம் குறைந்தாலும் அலகு ஆடும், பூட்டு வழுக்கும். அந்த இடத்தில் கறுப்பு அப்படியே இருக்கட்டும், கைப்பிடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

பூச்சுக்கு அடியில் பளபளப்பு காத்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சு நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அடியில் எஃகைச் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள், பளபளப்பை நாம்தான் கொண்டுவர வேண்டும். கம்பெனி முத்திரை பூச்சின் மேல் மட்டும் இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். சாதாரண கார்பன் எஃகு, டி2 என்கிற கருவி எஃகு போன்றவற்றில் துருவைத் தடுக்க உதவுவதே அந்தப் பூச்சுதான். எடுத்த பிறகு சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக மினரல் ஆயில் பூசுங்கள், இனி ஒவ்வொரு முறை நனைந்த பிறகும் துடைத்து எண்ணெய் விட வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள், நாலு கீறல் விழுந்ததற்காக மட்டும் பூச்சை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வினிகர் குறிப்பு வெளியான அதே பகுதியில், முழுக் கத்தியை ஊறப் போட வேண்டாம் என்ற திருத்தத்தையாவது உடனே வெளியிடுங்கள். ஏற்கெனவே ஊறப் போட்டவர்கள் பிரித்து, சோடா நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி எண்ணெய் விட்ட பிறகு, பூட்டைப் பலமுறை சோதித்துப் பார்க்காமல் அந்தக் கத்தியைப் பயன்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்