ஒரு பொம்மைக் கவுனுக்கு இத்தனை பேர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவிலும் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலும் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளின் பார்பி, பழைய சாமான் கடையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கியவள். 1959இல் முதல் பார்பி வந்தபோது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடையாவது போட்டிருந்தாள். எங்களவளுக்கு அதுவும் இல்லை. "தீபாவளிக்கு எனக்கு மட்டும்தான் புதுச்சட்டையா?" என்று மகள் கேட்டாள். சரி, பொம்மைக்கும் ஒரு கவுன் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டன் தைப்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

துணிக்கடை அண்ணே, ஊதா சாட்டின் வெட்டுத்துண்டைக் காசு வாங்காமலே கொடுத்தீர்கள். நன்றி.

அந்த சாட்டினை மாமியாரின் பழைய மெஷின் முதல் தையலிலேயே ஊசி இறங்கும் துளைக்குள் இழுத்துக் கசக்கிவிட்டது. மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். தையற்கடை அக்கா வந்து, தடித்த ஊசியைக் கழற்றி ஒன்பதாம் நம்பர் ஊசியை மாட்டி, துணிக்கு அடியில் டிஷ்யூ காகிதம் வைத்துத் தைக்கச் சொன்னார். தைத்து முடித்துக் காகிதத்தைக் கிழித்தெடுத்தால், தையல் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது! அக்கா, உங்கள் கடையில் தீபாவளி ரவிக்கைகள் மலைபோல் குவிந்து கிடந்த வாரம் அது. அப்படியும் பஃப் கைக்காக இன்னொரு தரம் வந்தீர்கள். பக்கத் தையலை மூடுவதற்கு முன்பே, துணி விரிந்து கிடக்கும்போதே கையை இணைத்துவிட வேண்டுமாம். நானோ சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டைக்குள் சட்டைக் கையைத் திணித்துத் தைக்கப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில் வாங்கிய சேலையையே எடுத்து நீட்டினார். அகலச் சரிகையை அப்படியே வைக்க எனக்கு ஆசை. "பிள்ளைக்குப் பாயைச் சுத்தின மாதிரி இருக்கும்மா" என்றார். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அவள் உயரம் 29 சென்டிமீட்டர், நம்மில் ஆறில் ஒரு பங்கு. ஓர் அங்குலச் சரிகை அவளுக்கு அரை அடி! ஓரத்து மெல்லிய கோட்டை மட்டும் வெட்டி வைத்தோம்.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அத்தை, நம் மக்சிக்குக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது படித்துச் சொல்லுங்கள். பொம்மையின் விரல் துணியில் மாட்டாமல் இருக்க, கையில் பிளாஸ்டிக் துண்டைச் சுற்றிவிட்டுச் சட்டையை மாட்டக் காட்டியவர் அவர்தான்.

மூன்று நாள் கடைச் சாப்பாட்டுக்கு முகம் சுளிக்காத வீட்டுக்காரருக்கும் நன்றி.

தீபாவளி விடியற்காலையில் மகள் பொம்மைக்கும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். கவுன் தப்பித்தது. நைலான் முடியில் ஏறிய எண்ணெயைப் போக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்னொரு நன்றி பாக்கி வைத்திருக்கிறேன்.