ஒரு சுவர் கொடுங்கள்: செங்கல், கல் கட்டுமான ஆய்வு மாணவர் விருதுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். செங்கல், கல் கட்டுமானத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு விருதுகள் வழங்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. முதுநிலை ஆய்வேட்டுக்கு ஒன்று, முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒன்று. அதற்கான வைப்புநிதியைச் சேர்க்கத்தான் இந்த மடல்.

இந்தத் துறைக்கு மட்டும் எதற்குத் தனி விருது என்று கேட்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சுவர் படும் பாட்டைச் சொன்னால் புரியும். கொத்தனாரை வரவழைத்து, செங்கல்லை நனைத்து, வரி வரியாக எழுப்ப ஓரிரு நாள். சிமெண்ட் சாந்து என்றால் வழக்கமாக 28 நாள் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து என்றால் மாதக்கணக்கு. அப்புறம் அளவுக்கருவிகளைப் பொருத்திப் பளு ஏற்றினால் ஒரே மதியத்தில் சுவர் உடைந்துவிடும். உடைவதுதானே சோதனை. ஒரு சுவரை வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஒரே சூளைச் செங்கல், ஒரே கை கட்டியது என்றாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பளுவில் விரிசல் விடும். குறைந்தது மூன்று சுவர் வேண்டும். சாந்துக் கலவையை மாற்றினால் இன்னும் மூன்று. கடைசியில் இடிபாட்டை அள்ளிக் கொட்டவும் காசு வேண்டும். அதற்கு எந்த ஆய்வு நிதியிலும் செலவுத் தலைப்பு இருக்காது.

இதனால்தான் பலர் கணினி மாதிரியோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மாதிரிக்கும், செங்கல்லைச் சாந்து எவ்வளவு உறுதியாகப் பிடிக்கும் என்ற எண் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். யாராவது ஒரு சுவரை உடைத்திருந்தால்தான் அது வரும்.

சுவரை உடைத்துப் பார்த்ததால் என்ன கிடைத்தது? சிகாகோவில் 1891-ல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி. செங்கல் சுவரே பளுவைத் தாங்குவதால் அடியில் அதன் தடிமன் சுமார் 1.8 மீட்டர். உயரம் கூடினால் அடிச்சுவரைத் தடிமனாக்கு என்பதுதான் அப்போதைய வழி. 1950-களில் சுவிட்சர்லாந்தில் சுவர்களைச் சோதித்து, கணக்கிட்டுக் கட்டியபோது அதைவிட மிக மெல்லிய செங்கல் சுவர்களிலேயே பத்து மாடிக்கு மேல் எழுப்ப முடிந்தது.

தடிமன் மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்தபோது இடிந்த கல் சுவர்களில் பல மிகத் தடிமனானவை. உள்முகம் தனி, வெளிமுகம் தனி, நடுவே சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு முகத்தையும் கோக்கும் ஊடுகல் இல்லை. நிலம் குலுங்கியதும் முகங்கள் பிரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. இப்படிப்பட்ட வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். எந்த முறையில் கட்டிப் பலப்படுத்தினால் குறைந்த செலவில் நிற்கும் என்று பார்க்க மாணவர்கள் வேண்டும்.

சரி, பணம் எப்படிப் போகும்? வைப்புத் தொகையைத் தொட மாட்டோம், வட்டியில்தான் விருது. பாதி மாணவர் கைக்கு, மீதி அடுத்த சோதனைச் சுவர்களுக்கு. எதிர்பார்த்தபடி வராத முடிவுகளையும் போட்டிக்கு ஏற்போம். அளவீடுகளை முழுமையாக வெளியிட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சுவரைக் கட்டிய கொத்தனாரின் பெயரும் விருதுப் பட்டயத்தில் இருக்கும். இதைப் பற்றிக் குழுவில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, ஆனாலும் சேர்த்துவிட்டோம். செங்கல், சிமெண்ட் நிறுவனங்களின் நன்கொடையை வாங்கிக்கொள்வோம். நடுவர் குழுவில் அவர்களுக்கு இடம் கிடையாது.

தொகையை நாங்கள் சுவர்க் கணக்கில் வைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் மூன்று சுவர் தாருங்கள், இல்லாவிட்டால் ஒன்று, அதுவும் கூடாவிட்டால் ஒரு வரி செங்கல். இந்த மடலுக்குப் பதில் எழுதினால், இந்த ஆண்டு ஒரு சுவருக்கு ஆகும் செலவையும் வங்கி விவரத்தையும் பொருளாளர் அனுப்புவார். வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் எல்லா நன்கொடையாளர்களுக்கும் வரும்.

இன்னொன்று. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் எதையாவது இடிக்கப்போகிறீர்கள் என்றால், இடிக்கும் முன் சொல்லுங்கள். நூறு வருஷம் வெயில் மழையில் நின்ற சுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாது. உடையாமல் ஒரு துண்டு அறுத்துத் தர முடிந்தால், அதுவும் எங்கள் கணக்கில் ஒரு சுவர்தான்.

நன்றியுடன்,
விருதுக் குழுவினர்